வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பொரளையில் உள்ள சரவணமுத்து மைதானம் கொழும்பின் முதல் மேயரின் நினைவாகப் பெயரிடப்பட்டதா? அவருடைய மனைவியும் அரசியலில் இருந்தாராமே?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மைதானம் மேயருடையதன்று, அவருடைய சகோதரர் பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்குவது. 1982இல் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடிய இடம் என்பதால் அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் நிலைத்துவிட்டது. 1937இல் மாநகர சபையின் முதலாவது மேயரானவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. மைதானம் எதுவும் இல்லாத அவருடைய மனைவி நேசம் சரவணமுத்துவைப் பற்றித்தான் இங்கு அதிகம் எழுத வேண்டியுள்ளது.

பிரித்தானியர் காலத்து டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931இல் நடந்த முதலாவது அரசாங்க சபைத் (அன்றைய சட்டமன்றம்) தேர்தலில் கொழும்பு வடக்கில் வென்ற டாக்டர், தேர்தல் வழக்கொன்றில் தோற்று ஆசனத்தை இழந்தார். 1932இல் நடந்த இடைத்தேர்தலில் நேசம் நின்று வென்றார். இலங்கைச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதலாவது தமிழ்ப் பெண் அவரே, பெண்களுள் இரண்டாமவர். முதலாமவரான அடலின் மொலமூரே 1931 இறுதியில், தம் தந்தையின் ருவன்வெல்லை ஆசனத்துக்கு இடைத்தேர்தல் மூலம் வந்தவர். நேசம் சபைக்குள் நுழைந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் தேர்தல் பகிஷ்கரிப்பினால் வெறுமையாகக் கிடந்தன என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 1934இல்தான் அவை நிரம்பின.

கேள்வி: அப்படியானால் அவர் கணவருக்காக ஆசனத்தைக் காத்து வைத்தவர் மட்டுந்தானே?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: 1932ஐ மட்டும் பார்த்தால் அப்படிச் சொல்லலாம், அதை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் 1936 பொதுத் தேர்தலில் அதே தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தெரிவு செய்தார்கள். கணவர் மேயரானது அதற்குப் பிந்திய சங்கதி. 1941இல் இறக்கும்வரை நேசம் உறுப்பினராகவே இருந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவரே வாதிட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த அரசியலமைப்பைப் பரிந்துரைத்த டொனமூர் ஆணைக்குழுவும் முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டுமே வாக்களிக்கச் சிபாரிசு செய்தது. பின்னரே ஆண்களைப் போல 21 வயது என்றாயிற்று.

அந்நாளைய உறுப்பினரின் வேலையும் இன்றைய பின்வரிசையாரின் வேலை போன்றதன்று. சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்த தலைவரே அமைச்சரானார். ஆகவே சாதாரண உறுப்பினருக்கும் நிர்வாகத்தில் நேரடிப் பங்கு இருந்தது. காலிமுகத்திடலில் இன்று ஜனாதிபதி செயலகமாக நிற்கும் தூண் வரிசைக் கட்டடந்தான் அந்தச் சபை.

கேள்வி: எழுத்தறியாத வாக்காளர்கள் அப்போது எப்படி வாக்களித்தார்கள்?
– வாசகர், மட்டக்குளி

பதில்: சின்னங்கள் 1947இல்தான் வந்தன. அதற்கு முன் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்த நிறம் பூசிய பெட்டிக்குள் வாக்குச் சீட்டைப் போட்டால் போதும், சீட்டில் புள்ளடி எதுவும் இடத் தேவையில்லை.