எச்ஐவி உள்ள அண்ணனை, தனி அறை இல்லாத வீட்டில் குழந்தைகளோடு வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் இருந்ததும் ஒரே அறை, ஒரு திண்ணைதான். நீங்கள் தங்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அண்ணி இப்படிக் கேட்டிருக்க மாட்டார். (என் வீட்டு அனுபவம் அப்படி. அண்ணிமார் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

நாங்கள் நாமக்கல் பக்கம். என் அண்ணனுக்கும் எச்ஐவி. லாரி ஓட்டியவர். "லாரிக்காரன்னா அப்படித்தான்" என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போய்விடுங்கள். எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை. 2005-ல் உடம்பு 38 கிலோவுக்கு இறங்கி, நாக்கு முழுக்க வெள்ளை பூத்து, கஞ்சி விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும் நிலையில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதற்கு முன் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில் கட்டில் காலில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்றைக்கு 2017-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, சம்மதமில்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது. அன்றைக்கு எங்களுக்கு அந்த அட்டையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடக்கத்தான் தெரிந்தது.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. செய்ததைச் சொல்கிறேன். தட்டு, டம்ளர், கக்கூஸ், போர்வை எதுவும் தனியாக வேண்டாம். பிள்ளைகள் மடியில் ஏறி உட்காரலாம். ஷேவிங் பிளேடும் பல் துலக்கும் பிரஷ்ஷும் மட்டும் அவரவருக்குத் தனி. ரத்தம் பட்ட துணியை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு அப்புறம் துவைப்பேன். கையில் கிளவுஸ் இல்லாத நாளில் கேரி பேக்கை மாட்டிக்கொள்வேன். காரமில்லாமல், ஆறவைத்துக் குழைந்த சாதம். பேதியானால் உப்பு, சர்க்கரைக் கரைசல். இருமல் வந்தால் நாள் கணக்குப் பார்க்காமல் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். டிபி எங்கள் அண்ணனுக்கும் வந்தது. டிபி மட்டும் இருமல் வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். மற்றபடி உங்களால் அவருக்கு வரக்கூடிய சளி, காய்ச்சல்தான் பெரிய ஆபத்து, அவரால் உங்களுக்கு இல்லை.

இதெல்லாம் பத்து நாளில் பழகிவிடும். நான் தோற்ற இடம் வேறு.

எச்ஐவிக்கு இலவச மருந்து 2004 ஏப்ரலில்தான் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கியிருந்தது. ராத்திரி பஸ் ஏறிப் போய் மாதா மாதம் வாங்கி வருவோம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். அரிசி டின் பக்கத்தில்தான் பெரியம்மா பாய் விரித்திருந்தார். அண்ணன் இரண்டு முறை என்னைப் பார்த்தார். நான் கண்ணால் "அப்புறம்" என்றேன்.

அடுத்த மாதம் தாம்பரத்தில் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மிச்ச மாத்திரைகளைக் காகிதத்தில் கொட்டி, இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். கணக்குக்கு மேல் ஆறு. அவர் அண்ணனைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "அவர் மறந்தாரா, நீங்க மறைச்சீங்களாம்மா?" என்றார். இப்படி விட்டு விட்டுப் போட்டால் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும், அப்புறம் அது கேட்காது என்று விளக்கினார். அண்ணன்தான் "நான் மறந்துட்டேங்க" என்று பழியை ஏற்றுக்கொண்டார்.

நான் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. நான் சத்துணவு அமைப்பாளர். விஷயம் ஊரில் தெரிந்தால் ஒரு பிள்ளை என் சமையல் கூடத்தில் சாப்பிடாது. கோழைத்தனம் என்பவர்கள் என் சம்பளத்தில் ஒரு வருஷம் இருந்து பார்க்கட்டும்.

உங்களுக்கு வேலை எங்களைவிடச் சுலபம். பெரும்பாலானவர்களுக்கு இப்போது தினம் ஒரே ஒரு மாத்திரைதான். அதை வேளை தவறாமல் போட்டு, கிருமி அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால் உடலுறவின் மூலம்கூட அடுத்தவருக்குப் பரவாது. அதனால் விருந்தாளி வந்தால் மாத்திரையை எங்கே வைப்பது, என்ன சொல்வது என்பதை இன்றைக்கே அண்ணனோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். "சுகர் மாத்திரை" என்று சொன்னாலும் சரி, வேளை தவறக் கூடாது.

அண்ணனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. டீக்கடை வைத்திருக்கிறார். முதலில் கொடுத்த மருந்தால் கன்னம் ஒட்டிப் போனது அப்படியே இருக்கிறது, பாதம் எரிகிறது என்பார். மாத்திரை டப்பா டிவிக்கு மேல்தான் இருக்கும். லேபிளை மட்டும் இன்னும் நான்தான் கிழிக்கிறேன்.