பாரிஸ் பயணம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

புதுச்சேரியில் பிறந்தவள். 19 வருடமாகப் பாரிஸில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துக்கொண்டு சுற்றுவது எனக்குப் பிடித்த வேலை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையோ பேருந்தோ, வாயைத் திறந்தால் முதலில் வரவேண்டியது 'போன்ஜூர்' (வணக்கம்). அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் இங்கே மரியாதைக் குறைவு.

கோவை: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. மெட்ரோவில் சமாளிப்பாரா?

அம்மாவை மெட்ரோவில் ஏற்றாதீர்கள். 1900-ல் ஓட ஆரம்பித்த மெட்ரோ அது, பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. 14-ம் எண் தடத்தில்தான் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. சாத்லே மாதிரி நிலையத்தில் தடம் மாறுவதற்குள் நமக்கே கால் ஓய்ந்துவிடும்.

பேருந்தில் போங்கள். ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஷான் த மார்ஸில் 69-ம் எண் பேருந்து கிடைக்கும். இன்வாலீட், ஓர்சே அருங்காட்சியகம், லூவ்ர் அருங்காட்சியகம், நகர மண்டபம், பஸ்தீய் என்று பாதி பாரிஸையும் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். முன்பக்க இருக்கைகள் வயதானவர்களுக்கானவை, தயங்காமல் கேளுங்கள். நிறுத்தத்தில் பேருந்து வரும்போது கையைக் காட்டுங்கள், இல்லையென்றால் நிற்காமல் போய்விடலாம். ஏறியதும் ஓட்டுநருக்கு ஒரு போன்ஜூர், அப்புறம் பயண அட்டையை இயந்திரத்தில் காட்டுங்கள்.

மோன்மார்த்ர் குன்றுக்குப் படியேற வேண்டாம். மலையடியிலிருந்து இழுவை ரயில் இருக்கிறது.

சென்னை: விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

விசா எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. தூதரக இணையதளத்தைப் பாருங்கள். 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

மதுரை: திங்கள் காலை வந்து வியாழன் கிளம்புகிறோம். லூவ்ர், ஓர்சே, வெர்சாய் மூன்றும் முடியுமா?

முடியும், நாளைப் பார்த்துப் போட்டால். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சேக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. திங்களன்று ஆற்றங்கரையும் நோத்ர் தாம் பேராலயமும், செவ்வாய் வெர்சாய், புதன் லூவ்ர் (அன்று இரவு 9 மணி வரை திறந்திருக்கும்), வியாழன் காலை ஓர்சே. லூவ்ருக்கு நேரம் குறித்த டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள்.

திருச்சி: நோத்ர் தாம் நுழைவுச் சீட்டு ஒரு தளத்தில் 25 யூரோ போட்டிருக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள்! அது கோயில். உள்ளே போக ஒரு காசும் கிடையாது. 2019 ஏப்ரல் 15-ல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தபோதும் அதை மாற்றவில்லை. பேராலயத்தின் சொந்தத் தளத்தில் நேரம் பதிவுசெய்வதும் இலவசம். பதிவில்லாமல் வரிசையில் நின்றும் போகலாம். கோபுரம் ஏறவும் கருவூலம் பார்க்கவும் மட்டும்தான் கட்டணம்.

ஈரோடு: சைவம் மட்டும். என்ன செய்வது?

தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் பகுதிக்குப் போங்கள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சேன் தெனி தெரு. இடியாப்பம், தோசை, சோறு குழம்பு எல்லாம் கிடைக்கும்.

பெங்களூர்: அக்கா, குடும்பத்தோடு வருகிறவர்களை அங்கே அனுப்பாதீர்கள். மோசமான இடம். என் நண்பனின் ஃபோனைப் பறித்துவிட்டார்கள்.

தம்பி, நண்பருக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் ஃபோன் பறிப்பது ஈஃபில் கோபுரத்தடியிலும் உண்டு, 1-ம் தட மெட்ரோவிலும் உண்டு. அதற்காக ஒரு தெருவையே மோசம் என்று எழுதாதீர்கள்.

லண்டன்: அவர் சொல்வது சரி. மெட்ரோ வாசலில் சிகரெட் விற்கிறவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள்.

விற்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. 'நோன் மெர்சி' (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடங்கள், தொந்தரவு செய்யமாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நிற்கவேண்டாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் தெருவை உண்டாக்கியது யார்? இலங்கைப் போரிலிருந்து உயிரோடு தப்பி வந்தவர்கள். ஒரு மளிகைக் கடை, ஒரு சேலைக் கடை என்று கட்டியெழுப்பினார்கள். நான் வந்த முதல் குளிர்காலத்தில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய முருங்கைக்காயைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். கடைக்கார அண்ணா ஒன்றும் கேட்காமல் கறிவேப்பிலையை ஒரு பிடி பையில் போட்டுக் கொடுத்தார்.

பஜோல் தெருப் பிள்ளையார் கோயில் தேரை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கோடை முடிகிற நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுத்தெருவில் தேங்காய்களைக் குவித்து, கற்பூரம் ஏற்றி, உடைப்பார்கள். தேங்காய்த் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடும். பிரெஞ்சுக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார்கள். பகலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

சேலம்: மெட்ரோவுக்கு எந்த டிக்கெட்? இரண்டு பேருக்கு ஒரு அட்டை போதுமா?

போதாது. நவிகோ ஈசி என்கிற பயண அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோ டிக்கெட் வேறு, பேருந்து டிக்கெட் வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றுக்கு மாற முடியாது.

நெல்லை: வெள்ளிக்கிழமை வருகிறோம், வார அட்டை லாபமா?

இல்லை. அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளியன்று கேட்டால் அடுத்த வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

வேலூர்: மெட்ரோ டிக்கெட் பற்றிச் சொல்லுங்களேன்.

சேலத்துக்கும் நெல்லைக்கும் சொன்னதைப் படியுங்கள். விசா கேட்டு எழுதிய மற்றவர்களும் சென்னைக்குச் சொன்னதையே பாருங்கள்.

தஞ்சாவூர்: தெருவில் கழிப்பறை உண்டா?

உண்டு, இலவசம். சாம்பல் நிறக் கூண்டு மாதிரி இருக்கும். முன்னால் போனவர் வெளியே வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நுழைந்துவிடாதீர்கள். கதவு மூடி, உள்ளே தானாகவே கழுவிக்கொள்ளும். பச்சை விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துங்கள்.

ஓசூர்: இரவு 11 மணிக்கு ஷார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்குகிறோம். டாக்சி?

வெளியே பலகை போட்ட வரிசையில் நின்று ஏறுங்கள். நகருக்குள் கட்டணம் நிர்ணயித்தது: 2025-ல் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. உள்ளே வந்து 'டாக்சி, டாக்சி' என்று பெட்டியைத் தூக்க வருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். ஓட்டுநரிடம் முதலில் போன்ஜூர் சொல்லுங்கள். இல்லை, அந்த இரவு நேரத்தில் 'போன்சுவார்' (மாலை வணக்கம்).