புதிய கேர்னல் (0,0) என்று கூறி நின்றுவிடுவது பற்றி

வணக்கம். உவர்மலை வகுப்பறைக் கணினியில், உபுண்டுவின் மேல் நீங்களே தொகுத்து நிறுவிய கேர்னல் (இயங்குதளத்தின் கருப்பகுதி), ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளக் கோப்புகள் உள்ள முதன்மைப் பகுதியை) ஏற்ற முடியவில்லை என்று கூறிப் பேனிக்கில், அதாவது மேலே தொடர முடியாத நிலையில், நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். செய்தியின் இறுதியில் வரும் (0,0) என்பது, ரூட் சாதனம் எதுவென்று கேர்னலுக்குத் தெரியவில்லை என்பதையே காட்டுகிறது. ஆகையால் வன்தட்டுப் பழுதென்று எண்ணித் திருகோணமலைக் கடைகளுக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம்.

கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிவு செய்து உள்ளே சென்று, பூட் அடைவில் புதிய பதிப்பெண்ணுக்குரிய இனிட்ஆர்டி கோப்பு (ரூட் சாதனத்தை அணுகத் தேவையான இயக்கிகளைத் தொடக்கத்திலேயே கேர்னலுக்குத் தரும் கோப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இராது, பூட் பகிர்வு நிரம்பியதால் பாதியில் அறுந்தும் இருக்கலாம். மொட்யூல்கள் (கேர்னல் தேவைப்படும்போது ஏற்றும் இயக்கி போன்ற துண்டுகள்) பிழைதிருத்தத் தகவல்களோடு நிறுவப்பட்டால் அக்கோப்பு பல மடங்கு பெருத்துவிடும் என்பதால், அத்தகவல்களை நீக்கும் இன்ஸ்டால்_மோட்_ஸ்ட்ரிப்=1 (INSTALL_MOD_STRIP=1) என்பதைச் சேர்த்து அவற்றை மீண்டும் நிறுவி, அதன்பின் இனிட்ஆர்டி கோப்பை உருவாக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் (update-initramfs), கிரப் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் (update-grub) கட்டளைகளை இயக்குங்கள். பிறகு கணினி இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் (கட்டளை கேட்கும் தொடக்கத் திரையில்) போய் நின்றால், வட்டை இயக்கும் என்விஎம்ஈ அல்லது சாட்டா இயக்கி உங்கள் கேர்னல் கட்டமைப்பில் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.