180 குடும்பங்கள், ஒரே ஐயர்: சபையில் ஒருவரும் விடுபடாமல் விசாரிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 180 குடும்பங்கள். ஐயர், அதாவது போதகர், ஒருவர்தான்; சேகரத்தில் (ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பில்) இன்னும் மூன்று சிறிய சபைகளும் அவர் பொறுப்பு. யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்கே தெரியவருகிறது. அங்கத்தினரைச் சபையாகக் கவனித்துக்கொள்ள நடைமுறையில் என்ன செய்யலாம்?

பதில்:

அன்பு குறைந்துவிட்டது என்று பிரசங்கம் பண்ணி இதைச் சரிசெய்ய முடியாது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் கிரேக்கர் (கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள்) முறுமுறுத்தது, தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் "திட்டமாய்" விசாரிக்கப்படவில்லை என்றுதான். எருசலேம் சபையில் சாப்பாடும் இருந்தது, கொடுக்க மனமும் இருந்தது. சிலர் மட்டும் விடுபட்டார்கள். அதற்கு அப்போஸ்தலர் செய்தது, ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தது. ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். விடுபட்ட பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பு போயிற்று.

ஆகவே முதல் வேலை, உங்கள் சபையில் விடுபடுகிறவர்கள் யார் என்று பார்ப்பது. வேலைக்காக வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஊரில் சொந்தபந்தம் இல்லாதவர்கள், கணவர் கோயிலுக்கு வராத பெண்கள், சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் என்று ஒரு வரிசை எந்தச் சபையிலும் இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வயதானவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். "அவர்களுக்கென்ன, பணம் வருகிறதே" என்று யாரும் எட்டிப் பார்க்காத வீடுகள் அவை.

அடுத்தது வட்டம் பிரிப்பது. ஒரு வட்டத்துக்கு 12 வீடு என்றால் 15 வட்டம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விசாரிப்பாளர், ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். தெரு வாரியாகப் பிரியுங்கள். உறவு வாரியாகப் பிரித்தால் பெரிய குடும்பங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் கவனிப்புதான் இரட்டிப்பாகும், விடுபட்டவர் விடுபட்டபடியே இருப்பார். 12 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. வாரம் மூன்று வீடு பார்த்தால் மாதத்தில் ஒரு சுற்று முடியும். 20 வீடு கொடுத்தால் இரண்டாம் மாதமே பாதி வீட்டில் நின்றுவிடும்.

யாரைப் போடக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். சேகரக் கமிட்டித் தேர்தலிலோ திருமண்டல அளவிலான பெருமன்றத் தேர்தலிலோ நிற்கப்போகிறவரை விசாரிப்பாளராக்காதீர்கள். வீடு சந்திப்பு ஓட்டுச் சேகரிப்பாகிவிடும், எதிரணிக்காரர் கதவைத் திறக்க மாட்டார். சங்கக் காணிக்கை வசூலிப்பவரும் வேண்டாம். ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவரிடம் யாரும் மனக்கஷ்டத்தைச் சொல்வதில்லை. காணிக்கை பாக்கி என்று கல்யாண ஓலை (ஆராதனையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கத் தயங்குவது, அடக்கத்துக்கு முன் கணக்குப் பார்ப்பது போன்ற வழக்கம் உங்கள் சபையில் இருந்தால் அதை முதலில் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். அது இருக்கும்வரை வேறு எதைச் செய்தாலும் மக்கள் நம்ப மாட்டார்கள்.

சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணத் தேதிகள் இருக்கும். விசாரிப்புக்கு அது போதாது. வட்டத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரத்த வகை, தனியாக இருப்பவரின் பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண், வெளியூர்ப் பிள்ளைகளின் எண், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, உதவித்தொகை வருகிறதா, வீட்டில் படுக்கையாக யாரும் உண்டா என்பவை போதும். நோயின் பெயரை எழுத வேண்டாம், நோட்டு தொலையும்.

இனி, தகவல் எப்படி வந்து சேரும்? தொடர்ந்து இரண்டு ஞாயிறு ஒருவரைக் காணோம் என்றால் திங்கட்கிழமைக்குள் ஒரு போன். மூன்றாவது ஞாயிறும் வரவில்லையென்றால் நேரில் போவது. மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 15 வட்டத்தாரும் ஐயரும் இருபது நிமிடம் நின்றபடியே பேசினால் போதும்: யார் படுக்கை, யார் வரவில்லை, எந்த வீட்டில் பிரசவம் அல்லது சாவு, ஐயரே போக வேண்டிய வீடு எது. இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் மற்ற ஏற்பாடெல்லாம். நான்கு சபைக்கு ஒரு ஐயர் எல்லா வீட்டுக்கும் போக முடியாது, போக வேண்டிய எட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆஸ்பத்திரிச் சந்திப்பில் நல்ல மனதோடு செய்யும் கெடுதல் நிறைய. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பத்துப் பேர் வேனில் போய் இறங்குவது நோயாளிக்கு உதவி இல்லை. இரண்டு பேர், பத்து நிமிடம், முன்கூட்டியே கேட்ட நேரத்தில் போனால் போதும். ஜெபம் இரண்டு நிமிடம், கட்டிலில் இருப்பவருக்குக் கேட்கும் அளவு சத்தத்தில் இருக்கட்டும். பொது வார்டில் பக்கத்துக் கட்டில்காரரும் நோயாளிதான். சளி இருமல் உள்ளவர் போகவே கூடாது. வாங்கிப் போகும் பொருளிலும் கவனம் வேண்டும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்பவருக்கு இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி மூன்றிலும் உள்ள பொட்டாசியம் ஆபத்து, இதயத் துடிப்பையே குலைக்கும். சர்க்கரை நோயாளிக்கு மால்ட் பானப் பாட்டிலும் பிஸ்கட்டும் அப்படித்தான். எதுவும் வாங்காமல், கூட இருப்பவரின் கையில் ஒரு கவரில் 500 ரூபாய் வைத்துவிட்டு வருவது பெரும்பாலும் அதிகம் உதவும். அவருக்குச் சாப்பாடு, ஆட்டோ, மருந்துக்கடை என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய உதவி அவரை ஓர் இரவு வீட்டுக்கு அனுப்பித் தூங்கவைப்பது. வாலிபர் சங்கத்தில் ஆறு பேர் முன்வந்தால் இரவு 9 முதல் காலை 6 வரை முறைவைத்துக் கூட இருக்கலாம். பெண்கள் வார்டுக்குப் பெண்கள்தான் போக முடியும் என்பதால் அந்தப் பட்டியல் தனி. இரத்தக் கொடையாளர் பட்டியலையும் வாலிபர் சங்கமே வைத்துக்கொள்ளட்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம். ஆகவே பட்டியலில் கடைசியாகக் கொடுத்த தேதி இல்லையென்றால் அவசரத்துக்கு அது உதவாது.

பிரசவ வீட்டுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த வீட்டுக்கும் சாப்பாடு கொடுப்பதில் வழக்கமான கூத்து, முதல் நாள் எட்டு கேரியர், நான்காம் நாள் ஒன்றும் இல்லை. ஒருவர் பொறுப்பெடுத்து 14 நாளுக்குப் பெயர் எழுத வேண்டும். நாளுக்கு ஒரு வேளை, அதுவும் மதியம். உப்பு, காரம், சர்க்கரை பற்றி முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் பெயர் ஒட்டிக் கொடுங்கள், அடுத்த நாள் கொண்டுவருபவர் அதைத் திருப்பி எடுத்துவரட்டும். உடம்புக்கு முடியாதவரைப் பாத்திரம் கழுவித் திருப்பிக் கொடுக்க வைக்கக் கூடாது.

சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசி வசூல் நல்ல மரபு. ஆனால் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம் என்பதால் ஏழை வீட்டில் இன்று குறைவது அரிசியாக இருப்பதில்லை. மாத்திரை, எரிவாயு உருளை, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிக்குப் பஸ் செலவு இவைதான் இடிக்கும். ஆகவே பண நிதி தேவை. 180 வீடும் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் 9,000. எல்லாரும் கொடுக்க மாட்டார்கள். 120 வீடு என்று வைத்தால் மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. இறப்பு நேர்ந்த வீட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் 10,000 கொண்டுபோய்க் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஐந்து இறப்பு என்றால் 50,000 போக 22,000 மருத்துவத்துக்கு மிஞ்சும். பணக்கார வீடு, ஏழை வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் அதே தொகை. வேண்டாதவர் திருப்பிக் காணிக்கையாகப் போடுவார், வாங்கியவருக்குக் கூச்சம் இருக்காது.

மருத்துவ உதவியை மூன்று பேர் முடிவு செய்யட்டும். அதில் ஒருவருக்கு உறவினர் கேட்டால் அவர் அந்த முறை விலகிக்கொள்ள வேண்டும். ஆண்டறிக்கையில் "மருத்துவ உதவி, 7 பேருக்கு" என்று எண்ணிக்கை மட்டும் வரட்டும். ஆராதனை அறிவிப்பில் பெயர் சொன்னால் அடுத்தவர் கேட்க மாட்டார். பெரிய தொகையை நேராக ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கோ கட்டுங்கள். கடனாக மட்டும் கொடுக்காதீர்கள், வாங்கியவர் திருப்பிக் கொடுக்க முடியாமல் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவார். பணமும் போகும், ஆளும் போவார். எல்லாம் சேகர ரசீதின் வழியாகவே நடக்கட்டும், தனியார் கணக்கில் நிதி வைப்பது கட்டாயம் சண்டையில் முடியும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர் இந்தியக் குடிமகனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாத கணக்கில் வாங்கக் கூடாது.

சபை நிதியைத் தொடுமுன் அரசாங்கத்தில் கிடைப்பதை வாங்கிக் கொடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாமல் அவசரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டிச் சேர்ந்த பிறகு ஓடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதியோர், ஆதரவற்ற விதவையர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கிறித்தவ மகளிர் உதவும் சங்கம் பற்றியும் விசாரியுங்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் அலுவலக ஊழியரோ ஆசிரியரோ எந்தச் சபையிலும் ஒருவராவது இருப்பார். பாடகர் குழுவில் இழுத்துப் போடுவதைவிட அவரை இந்த வேலையில் வையுங்கள்.

சாவு வீட்டில் அடக்கம்வரை ஆளுக்குக் குறைவில்லை. ஆள் தேவைப்படுவது பத்தாம் நாளிலிருந்து. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், வீட்டில் இறந்தவருக்கு மருத்துவரின் சான்று வேண்டும். பிறகு வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் என்று வரிசையாக அலைச்சல். ஐம்பது வயதில் கணவனை இழந்த பெண் வங்கிக்குள் முதல்முறை தனியாக நுழைகிறவராக இருக்கலாம். கூட ஒருவர் போவது நூறு ஆறுதல் வசனத்துக்குச் சமம். முதல் கிறிஸ்துமஸ், முதல் திருமண நாள், முதல் நினைவு நாள் மூன்றையும் வட்ட நோட்டில் குறித்துவைத்து அன்று போங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மாதம் ஒருமுறை வீட்டில் திருவிருந்து. வரக்கூடியவரை வரவைக்க, சந்தா பேசி ஓர் ஆட்டோ, கோயில் வாசலில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம், கைவைத்த நாற்காலி நான்கு, நாற்காலியில் போல உட்காரும் மேற்கத்திய முறைக் கழிப்பறை ஒன்று. கோபுரத்துக்கு இரண்டாம் முறை வண்ணம் அடிக்கும் பணத்தில் இவை அடங்கிவிடும்.

குடி நோயில் ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவரை உபவாச ஜெபத்தில் உட்காரவைத்துச் சட்டென்று நிறுத்தச் செய்தால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை எதையும் "விசுவாசத்தில்" நிறுத்தச் சொல்பவரை விசாரிப்பாளராக வைக்காதீர்கள். மனநலத்துக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, விசாரிப்பாளர் எல்லாரிடமும் இருக்கட்டும். பிள்ளைகள் பாலியல் தொல்லைக்கு ஆளான விஷயம் காதுக்கு வந்தால் கமிட்டியில் பேசி முடிக்கும் வேலையே கூடாது. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஓய்வுநாள் பள்ளியில் பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது என்பதை இன்றே விதியாக்கலாம்.

வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் நோயின் பெயர், கணவன் மனைவித் தகராறு, ஸ்கேன் படம் எதுவும் போடக் கூடாது. "இந்த வட்டத்தில் ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்றால் போதும்.

15 வட்டத்தையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். மூன்று வட்டத்தில் மூன்று மாதம் நடத்திப் பார்த்து, சரிவராத விசாரிப்பாளரை மாற்றி, பிறகு மற்றதை. ஐயரின் வீட்டையும் ஒரு வட்டத்தில் சேருங்கள், ஐயரம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கேட்க யாரும் இருப்பதில்லை. நோட்டுகளின் ஒரு பிரதி சபை அலுவலகப் பெட்டியில் பூட்டியிருக்கட்டும், ஐயர் மாறுதலாகிப் போகும்போது அவரோடு போய்விடக் கூடாது.