கன்னத்தில் நிறம் ஏறாமல் வழுக்குகிறதா?
முகம் வரைய பிரிஸ்மாகலர் பிரீமியர் வண்ணப் பென்சில் வாங்கியும், மூன்றாவது பூச்சுக்குமேல் படத்தின் கன்னத்தில் நிறம் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பென்சிலில் குறை இல்லை. அது மெழுகு வகை, மிருதுவானது. ஆரம்பத்திலேயே அழுத்தினால் தாளின் சொரசொரப்பு அடைந்துபோய், அடுத்த நிறம் பிடிக்க இடமிருக்காது. நானும் ஒரு மூக்கை இப்படித்தான் பளபளவென்று மெழுகு பொம்மை ஆக்கினேன்!

கூராகச் சீவி, பென்சிலின் பின்பக்கமாகப் பிடித்து, தாளை வருடுவதுபோல் எட்டுப் பத்துப் பூச்சு போடுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அடியில் மெல்லிய பச்சையோ ஊதாவோ இட்டு, மேலே பழுப்பை ஏற்றிப் பாருங்கள். வழவழப்பான தாள் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஏற்கெனவே வழுக்கும் இடத்தைப் பிசையும் அழிப்பானால் (மாவுபோல் பிசையக்கூடிய மிருதுவான ரப்பர்) ஒற்றினால் கொஞ்சம் மெழுகு கழன்று வரும்.

அப்புறம், பாலிக்ரோமோஸ் என்ற வண்ணப் பென்சில் எண்ணெய் வகை, சற்றுக் கெட்டி. இமைமுடிக்கு அதில் இரண்டு மூன்று தனியாக வாங்கினால் போதும்.