கோலார் ஆம்பிபோலைட் 'டிராக்கிபசால்ட்' ஆனது ஏன்?
கர்நாடகாவின் கோலார் பாறைப் பட்டையில் எடுத்த ஆம்பிபோலைட் (இங்கே, உருமாறிய பசால்ட்) டாஸ் வரைபடத்தில் (வேதியியலை வெச்சு எரிமலைப் பாறைக்குப் பேர் வைக்கிற படம்) டிராக்கிபசால்ட்டாக, அதாவது சோடியம், பொட்டாசியம் மிகுந்த பசால்ட்டாக, ஏன் விழுதுன்னு கேட்டிருந்தீங்க. தப்பு பாறையில் இல்லை, வரைபடத் தேர்வில். உருமாற்றத்தில் சோடியமும் பொட்டாசியமும் இடம் மாறிடும். டாஸ் அந்த ரெண்டின் கூட்டுத்தொகையை நம்பித்தான் பேர் வைக்குது.

அதனால உருமாற்றத்தில் எளிதா இடம் மாறாத தனிமங்களை எடுங்க: சிர்கோனியம்/டைட்டானியம் விகிதத்தை நையோபியம்/இட்ரியத்துக்கு எதிரா போடுங்க. பின்னது சுமார் 0.7-க்குக் கீழேன்னா காரவகை (டிராக்கிபசால்ட் மாதிரி சோடியம், பொட்டாசியம் மிகுந்தது) இல்லை. கால்சைட் நரம்பு ஓடுற துண்டுகளை அரைக்கும் முன்னாடியே ஒதுக்குங்க. டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைச்சிருந்தா டான்டலம், கோபால்ட் எண்களை மறந்துடுங்க. அகேட் கல் கிண்ணம் மெதுவாத்தான் அரைக்கும், ஆனா இந்தத் தொல்லை இல்லை.

மெக்னீசியம் ஆக்சைடு 18% தாண்டினதும் கொமாட்டியைட்னு (மெக்னீசியம் மிக அதிகமான எரிமலைப் பாறை) துள்ளாதீங்க. மெக்னீசியம் நிறைஞ்ச ஆலிவின் கனிமப் படிகம் குவிஞ்சாலும் அந்த அளவு ஏறும். அலுமினா/டைட்டானியா விகிதம் அதில் அசையாது, ஆலிவினில் ரெண்டுமே கிட்டத்தட்ட இல்லை. கொமாட்டியைட்டேன்னா, அந்த விகிதம் 20-ஐ ஒட்டினால் மன்ரோ வகை (கனடா இடப்பேர்). 11 பக்கம்னா பார்பர்டன் வகை (தென்னாப்பிரிக்க இடப்பேர்), உருகும்போது கார்னெட் கனிமம் ஆழத்திலேயே தங்கியிருக்கு.