நேர்கோட்டில் போவது எப்படிச் சுழலும்?

அன்புள்ள ஐயா,

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப் போய் நானே மாட்டிக்கொண்டேன். ஒரு துகள் எக்ஸ் அச்சுக்கு இணையாக, அதிலிருந்து 4 மீட்டர் தள்ளி, நொடிக்கு 3 மீட்டர் சீரான வேகத்தில் வலப்பக்கம் போகிறது. (3, 4) என்ற புள்ளியில் ஆதிப்புள்ளியைப் பொறுத்து அதன் கோணத் திசைவேகம் என்ன? வேகத்தைத் தொலைவால் வகுத்தேன். 3-ஐ 5-ஆல் வகுக்க 0.6. புத்தகத்தில் விடை 0.48. அது கிடக்கட்டும், நேராகப் போவதற்குக் கோணத் திசைவேகம் எங்கிருந்து வந்தது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்வி தீர்ந்தால் முதலாவது தானே தீரும். ஒரு புள்ளியிலிருந்து பொருளைத் தொடரும் பார்வைக் கோடு எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதுதான் கோணத் திசைவேகம். எந்தப் புள்ளியிலிருந்து பார்க்கிறோம் என்று சொல்லாமல் அதைக் கேட்கவே முடியாது. லெவல் கிராசிங்கில் தண்டவாளத்துக்கு 10 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். ரயில் மணிக்கு 72 கிலோமீட்டரில் வருகிறது. இன்ஜின் 100 மீட்டர் தொலைவில் இருக்கையில் அதைத் தொடரும் பார்வை நொடிக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் திரும்பும். நேரெதிரே கடக்கும்போது நொடிக்கு சுமார் 115 டிகிரி. நூறு மடங்கு! ரயில் வளையவும் இல்லை, வேகம் கூட்டவும் இல்லை. தண்டவாளத்தின் மேலேயே நிற்பவருக்கு (நிற்காதீர்கள்) இது பூஜ்யம்.

வேகத்தை ஆரத்தால் வகுப்பது வட்டப் பாதைக்குச் சரி. அங்கே வேகம் முழுக்க ஆரத்துக்குச் செங்குத்து. உங்கள் துகளிடம் செங்குத்தான பங்கு 3 × 4/5, அதாவது 2.4 மட்டுமே. மீதி 1.8 துகளை அப்பால் கொண்டுபோகிறது, கோணத்தைத் தொடுவதில்லை. 2.4-ஐ 5-ஆல் வகுத்தால் நொடிக்கு 0.48 ரேடியன் (ஒரு ரேடியன் சுமார் 57 டிகிரி), கடிகாரத் திசையில். சுருக்கமாக: வேகம் × பாதைக்குள்ள செங்குத்துத் தொலைவு (இங்கே 4) ÷ துகளுக்குள்ள தொலைவின் வர்க்கம்.

விசையே இல்லாமல் கோணத் திசைவேகம் மாறலாமா என்று மகள் அடுத்துக் கேட்பாள். மாறலாம். மாறாதது கோண உந்தம்தான், அதாவது நிறை × தொலைவின் வர்க்கம் × கோணத் திசைவேகம். தொலைவு கூடினால் கோணத் திசைவேகம் குறைந்தே ஆகவேண்டும். 1687-இல் வந்த ‘பிரின்சிப்பியா’வில் நியூட்டன் சம பரப்பு விதியை (சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்பதை) நிறுவத் தொடங்குவதே விசையில்லாமல் நேர்கோட்டில் போகும் பொருளை வைத்துத்தான். உங்கள் துகளை ஆதிப்புள்ளியோடு இணைக்கும் கோடு ஒவ்வொரு நொடியும் 6 சதுர மீட்டர் பரப்பைக் கடக்கிறது, துகள் எங்கே இருந்தாலும். கோளுக்குச் சூரியன், இதற்கு வெறும் புள்ளி. எனக்கு மிகப் பிடித்த நிரூபணங்களில் ஒன்று.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கோணத் திசைவேகம் உச்சம் தொடுவது செங்குத்தில், அதாவது துகள் ஆதிப்புள்ளிக்கு நேரெதிரே வரும்போது. அது மிக விரைவாக மாறுவது எங்கே? வகைநுண்கணிதம் தெரிந்தால் செங்குத்திலிருந்து இருபுறமும் 30 டிகிரியில் என்று வரும்.